கேட்கத் தெரிந்த அங்கம்மாள் அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தீவின் மேட்டு நகரான கியூர்பிப்பில் வழக்கம்போல் மழை. ரோஸ் பெல்லிலிருந்து வரும் பஸ் என் தையற்கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் சிங்காரம் எங்கள் ஊர்ப் பிள்ளை. என் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்து என்னைக் கேலி செய்யாமல் போகமாட்டான். அன்று அடிக்கவில்லை. பஸ்ஸில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, அங்கம்மாள் அத்தை காலையில போயிட்டாங்க" என்றான். நான் ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் தைத்து முடித்தேன். முடித்த பிறகுதான் பார்த்தேன், இடது கையை வலது பக்கம் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பை நான் செய்ததில்லை. கடையைச் சாத்திவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் ஏறினேன்.

அங்கம்மாள் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண்ணில் பட்டுவிட்டு எதையாவது கொடுக்காமல் வீடு திரும்பிய ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. கயிறு, மூங்கில், மஞ்சள் தூள், அரை நாள் வேலை, ஒன்றுமில்லையென்றால் பாட்டுக்குத் தொண்டையாவது வாங்கிவிடுவார். அவரைத் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோஸ் பெல்லுக்குத் தெற்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு நாடக சபை உண்டு. அதன் மேடையில் அக்கா ஒருநாளும் ஏறியதில்லை. ஒரு பாட்டுப் பாடியதில்லை; பாடியிருந்தால் நாங்கள் ஓடியிருப்போம். ஆனால் அந்தச் சபை இன்றைக்கும் இருக்கிறதென்றால் அவரால்தான் இருக்கிறது.

அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். அவருடைய அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். பெரிய தோட்டமொன்று ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அக்காவின் கணவர் அய்யாவு அண்ணன் இரண்டு ஆர்ப்பான் நிலம் வாங்கினார். இங்கே ஆர்ப்பான் என்றால் ஏக்கரைவிடக் கொஞ்சம் பெரிது. நிலத்துக்குக் கரும்பும் வீட்டுக்கு ஒரு மாட்டுவண்டியும் வந்த சில வருஷங்களில் அய்யாவு அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். சொந்தக்காரர்கள் நிலத்தை விற்றுவிடச் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. மறுநாள் தானே வண்டியைப் பூட்டி ஆலைக்குக் கரும்பு கொண்டுபோனார். ஒரு பெண்பிள்ளை வண்டி ஓட்டுகிறதைப் பார்க்க ஊர் வரிசையில் நின்றது. "வேடிக்கை பாக்குற நேரத்துல பின்னால ஒரு கை தள்ளுங்களேன்" என்றாராம். தள்ளினார்களாம். நான் அப்போது சின்னப்பயல் என்பதால் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன்.

நான் நேரில் அறிந்த அக்கா அதற்குப் பிறகு வந்தவர். சபையில் எனக்கு ஸ்திரீபார்ட் கொடுத்தார்கள். ராணி வேஷம். எனக்கு அப்போது இடுப்பு மெலிந்து, குரல் நன்றாக இருந்தது. இப்போது என்னைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். வேஷத்துக்குச் சேலை வேண்டும். என் மனைவி தன் சேலையைத் தரமாட்டேன் என்றாள். அவள் செய்தது நியாயம்தான். அக்கா தன் கல்யாணச் சேலையைக் கொடுத்தார். "கட்டிக்கோ. கிழிச்சா தைச்சுக் குடு" என்றார். முதல் வருஷமே மேடைக் கம்பில் மாட்டிக் கிழித்தேன். ஊசி பிடிக்கத் தெரியாது. நான் தைத்ததைப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொன்னார். மறுபடி தைத்தேன். மறுபடி பிரிக்கச் சொன்னார். ஐந்தாம் தடவை ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டார். இன்று கியூர்பிப்பில் பெரிய மனிதர்கள் என்னிடம் கோட்டுத் தைத்துக்கொள்கிறார்கள். நான் தையற்காரன் ஆன கதை இவ்வளவுதான்.

எங்கள் சபை வாழ்ந்த விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாடகம், கரும்பு வெட்டு முடியும் டிசம்பரில். போர்ட் லூயியிலிருந்து வாத்தியார் ஒருவர் இரண்டு மாதம் வந்து தங்கி ஒத்திகை பார்ப்பார். அவருக்குச் சாப்பாடு, வேட்டி, மிருதங்கக்காரர், விளக்குக்கு எண்ணெய், பொட்டலம் பொட்டலமாக ஜிகினா, இவ்வளவும் ஐந்து பெரிய மனிதர்களிடமிருந்து வந்தது. கடைக்காரர் ஒருவர், வண்டி ஒப்பந்தக்காரர் ஒருவர், தோட்டத்துக் கங்காணிகளான சர்தார்கள் மூன்று பேர். அதற்குப் பதிலாக நாடகத்தின் முதல் வாழ்த்துப் பாட்டில் ஐந்து பேர் பெயரும் வரும். முன்வரிசையில் ஐந்து நாற்காலி போடுவோம். ஊர் மண்ணில் உட்காரும்.

ஆடுகிற இடமும் கொட்டகையும் பக்கத்துத் தோட்டத்தின் நிலத்தில் இருந்தன. தோட்டத்துத் துரை, எங்கள் வாயில் 'மிசே', ஒரு நிபந்தனையோடு அந்த இடத்தை விட்டிருந்தார். வருஷம் தவறாமல் நாடகம் நடக்க வேண்டும். ஒரு வருஷம் ஆடாவிட்டால் அங்கே கரும்பு நடுவார். வாய்ப்பேச்சுதான். ஆனால் துரையின் வாய்ப்பேச்சு எங்களுக்குச் சாசனம் மாதிரி.

பிறகு மாடுகள் செத்த வருஷம் வந்தது. எங்கிருந்து வந்த நோயோ தெரியாது. மாடு மெலியும், கண்ணில் நீர் வழியும், ஒருநாள் படுத்தால் எழுந்திருக்காது. தோட்டங்களின் கோவேறு கழுதைகளும் போயின. ஒரு தெருவில் காலையில் இரண்டு குழி, சாயந்திரம் மூன்று குழி வெட்டினார்கள். அக்காவின் இரண்டு எருதுகளும் ஒரே வாரத்தில் போயின. கரும்பு முற்றி நிற்கிறது. ஆலை மூன்று மைலுக்கு அப்பால். ஏற்றிக்கொண்டு போக வண்டி உண்டு, இழுக்க ஒன்றுமில்லை. பிழைத்த ஒன்றிரண்டு மாடுகளை வைத்திருந்தவர்களும் நோய்க்குப் பயந்து தொழுவத்தைவிட்டு வெளியே விடவில்லை.

நாடகத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. நானும் ராஜபார்ட் கோவிந்தன் அண்ணனும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் கேட்கப் போனோம். வழியெல்லாம் யார் பேசுவது என்று எங்களுக்குள் தகராறு. மேடையில் நாலு ராஜ்ஜியத்தை உருட்டுகிற கோவிந்தன் அண்ணன், "உனக்குத்தான் குரல் நல்லா இருக்கு, நீயே கேளு" என்றார். ஒப்பந்தக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தன் ஒவ்வொரு கழுதையின் பெயரையும் சொல்லி அழத் தொடங்கினார். நாங்களும் அழுதோம். நான் வாயே திறக்கவில்லை. அவருக்குக் கொடுக்கவென்று கொண்டுபோன லிச்சிப் பழத்தோடு, எனக்கென்று வைத்திருந்த ரொட்டியையும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மற்ற நால்வரும் நாங்கள் வருவது தெரிந்து வீட்டில் இல்லை.

கொட்டகையில் கூட்டம் போட்டு, இந்த வருஷம் ஆடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஊரே துக்கத்தில் இருக்கும்போது கூத்து எதற்கு என்று காரணம் சொல்லிக்கொண்டோம். கேட்க வெட்கம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் துரையின் குமாஸ்தா வந்து இடத்தை அளந்து நாலு மூலையிலும் முளை அடித்துவிட்டுப் போயிருந்தார். அந்த முளைகளைப் பார்க்காமல் பேசுவதற்காக நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் அக்கா வந்தார். பெண்கள் சபைக் கூட்டத்துக்கு வருகிற வழக்கமில்லை. வாசலிலேயே நின்று, "முருகேசா, ஆடப்போறதில்லைன்னு கேள்விப்பட்டேன். என் சேலையக் குடு" என்றார்.

நான் எடுக்க எழுந்தேன். அவர் போகாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள். எல்லோரும் மேடையில் குதிக்கிறவர்கள்.

"மாடுதானே செத்துச்சு," என்றார். "நீங்க உசிரோடதானே இருக்கீங்க?"

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். "என் வண்டி சும்மா கெடக்கு. எல்லார் கொல்லையிலயும் கரும்பு நிக்குது. நீங்க வண்டிய இழுங்க. பாதி வண்டி ஏத்தினாப் போதும். ஒரு வண்டிக்கு ஒரு கட்டுக் கரும்பு சபைக்குன்னு கேப்போம். காசு எவன்கிட்டயும் இல்ல. கரும்பு எல்லார்கிட்டயும் இருக்கு."

கோவிந்தன் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ராஜா வேஷம் கட்டுறவன நுகத்துல பூட்டச் சொல்றியா?"

"நாடகத்துல உன்னைக் காட்டுக்கு அனுப்புறாங்களே, அப்ப மட்டும் போறே?"

"ஒத்திகை எப்போம்மா பாக்குறது?" என்று வாத்தியார் கேட்டார். அவர் அன்று காலைதான் மூட்டையோடு வந்திருந்தார். வந்த இடத்தில் சோறு உண்டா என்பதே அவர் கவலை.

"இழுக்கும்போது வாய் சும்மாதானே இருக்கும்? பாடிக்கிட்டே இழுக்கட்டும்."

அதற்குள் ஒருவன், பெயர் வேண்டாம், நன்றாக இருக்கிறான், "எல்லாம் தன் கரும்ப ஏத்திக்கத்தான்" என்று முணுமுணுத்தான். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "என் கொல்லை கடைசி" என்றார். வெட்டுகிற காலம் தாண்டினால் கரும்பு காய்ந்து எடை குறையும். ஆலையை மூடிவிட்டால் விறகுக்குக்கூட ஆகாது. இரண்டு ஆர்ப்பானைத் தவிர அவருக்கு வேறு ஜீவனம் கிடையாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இழுப்பதென்று ஆயிற்று.

கேட்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நானும் கூடப் போனேன், கற்றுக்கொள்ளவென்று. அவர் முன்வாசலில் நின்று கெஞ்சவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் நிற்கிற கரும்பைத் தடவிப் பார்ப்பார். "நல்லா வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வர்றோம், வெட்டி வச்சிரு. சபைக் கட்ட நீயே கட்டு, உன் கையால" என்பார். அந்தக் கட்டில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணி முடிய வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. ஒருவர்கூட மறுக்கவில்லை. சிறிய கட்டாகக் கட்டிய ஒருவரிடம் மட்டும், "இது உங்க வீட்டுக் கட்டுன்னு ஆலையில பத்துப் பேர் பாப்பாங்க" என்றார். அவர் பிரித்துப் பெரிதாகக் கட்டினார்.

ஆறு பேர் முன்னால், நாலு பேர் பின்னால். வாத்தியார் கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்து ஜாலரா தட்டினார். "வண்டி மாட்டுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கவாடா நான் படிச்சேன்" என்று முதல் நாள் முழுக்கப் புலம்பினார். மூன்றாம் நாள், யாராவது தாளம் தப்பினால் மேலிருந்து கரும்புத் தோகையால் தட்ட ஆரம்பித்தார். கோவிந்தன் அண்ணன், மேடையில் ராஜா வலது பக்கம்தான் நிற்பார் என்று சொல்லி நுகத்தின் வலது பக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வலது பக்கம் பள்ளம் அதிகம். அவர் முழங்கால் அந்த வருஷம் போனது.

பின்னால் தள்ளுகிறவர்களில் ழொசேஃப் ஒருவன். அவனுடைய தாத்தா எங்கள் ஆள்தான். இவர்கள் கோயிலை விட்டு மாதா கோயிலுக்குப் போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவனுக்கும் கொல்லையில் கரும்பு நின்றது. முதல் நாள் தன் கரும்புக்காகத் தள்ள வந்தவன் பிறகு தினமும் வந்தான். பாட்டு முழுவதையும் அர்த்தம் தெரியாமலே பாடம் பண்ணிவிட்டான். நான் மூச்சு வாங்கி நின்றால் பின்னாலிருந்து, "வித் வித், ராணி" என்பான். அவர்கள் பேச்சில் சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம்.

இந்த ஒத்திகையில் ஒரு தப்பு நடந்தது. அதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நாடகமும் சாலையும் ஒரே வரிசையில் ஓடின. ஊரைவிட்டுக் கிளம்பும்போது வாழ்த்து. மேட்டில் ராஜ சபை, அதனால் அமைச்சர் பேச்செல்லாம் மூச்சிரைப்போடு வந்தது. பாலத்தில் ராஜா நாடிழக்கிறார். பாலம் தாண்டி ஆலைவரைக்கும் இறக்கம், அங்கேதான் என் புலம்பல் பாட்டு. ராணி எல்லாவற்றையும் இழந்து தனியாக நடக்கிற இடம். வாத்தியார் அதை அடி அடியாக நிறுத்திப் பாடத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இறக்கத்தில் வண்டி நம்மைப் பின்னாலிருந்து நெட்டும். ஓடாவிட்டால் சக்கரம் காலில் ஏறும். ஆகவே உலகத்திலுள்ள துக்கத்தையெல்லாம் நான் தினமும் ஓட்டமாக ஓடிக்கொண்டே பாடினேன். ஆறு வாரம். சாலையோரத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் அதை அப்படியே கேட்டார்கள்.

அக்காவின் கொல்லைக்கு நாங்கள் போனது ஆலை மூடுகிற அன்றைக்கு. மழை வேறு. மூன்று நடை போட வேண்டும். சபை ஆட்கள் மட்டும் போதாது என்று நினைத்துக்கொண்டு போனால், அங்கே ஊரில் பாதி நின்றது. இதுவரை நாங்கள் யார் யாருக்கு இழுத்தோமோ அவர்களெல்லாம். வண்டியில் ஏறாததைத் தலையில் தூக்கினார்கள். அக்கா கடைசிக் கட்டில் தன் முந்தானையிலிருந்து சிவப்பாக ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினார். "உங்களுக்கும் ஒரு கட்டா அக்கா?" என்று கேட்டேன். "நான் என்ன உங்க சபைக்கு அந்நியமா?" என்றார். எடை குறைந்திருந்தது உண்மை. ஆனால் ஆலைக்குள் போய்விட்டது.

சபைக் கட்டுகளுக்கு ஆலை கொடுத்ததில் வாத்தியாருக்கும் மிருதங்கத்துக்கும் சரியாக இருந்தது. எண்ணெய்க்கு இல்லை. அக்கா, "பகல்ல ஆடுங்க. வெளிச்சம் சும்மாதானே வருது" என்றார். பகலில் நாடகமா என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிப்பதென்று ஆயிற்று. அதனால் ஒரு நன்மை, இருட்டுக்குப் பயந்து எப்போதும் வராத பெண்களும் தூரத்து லயத்துக்காரர்களும் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். கொட்டகைக்கு வெளியே மாமரத்தடிவரை கூட்டம்.

துரையும் வந்தார். அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி. வாழ்த்துப் பாட்டில் ஐந்து பெயருக்குப் பதிலாக, கட்டுக் கொடுத்த ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று அக்கா பிடிவாதம். பாட்டு முடிகிற பாடாயில்லை. ஒவ்வொரு பெயர் வரும்போதும் கூட்டத்தில் ஒரு குடும்பம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ழொசேஃப் தன் பெயர் வந்ததும் எழுந்து நின்று நாலு பக்கமும் தொப்பியை ஆட்டினான். துரைக்குப் பொறுமை போய்விட்டது. நாடகம் எப்போது ஆரம்பிக்கும் என்று குமாஸ்தாவிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற அக்கா, "ஆரம்பிச்சிருச்சு மிசே" என்றார்.

என் புலம்பல் வந்தது. நான் அந்தப் பாட்டின்மேல் கர்வம் வைத்திருந்தவன். ஆறு வாரம் ஓடினதை மறந்து, வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக, முதல் அடியை நிறுத்தி எடுத்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ழொசேஃப் அதே அடியை ஓட்டத்தில் எடுத்தான். அவனோடு பத்துப் பேர். பிறகு எல்லோரும். அவர்களுக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும். மிருதங்கம் கொஞ்ச நேரம் என்னோடு நின்று பார்த்தது, பிறகு அவர்கள் பக்கம் போய்விட்டது. நான் நடுமேடையில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் துக்கத்தை எல்லோரும் சேர்ந்து கெடுத்துவிட்டதாகத் தோன்றியது. பாட்டை நிறுத்திவிட்டேன். கூட்டமும் நிறுத்திவிட்டது. முன்னால் துரை உட்கார்ந்திருக்கிறார். வாத்தியார் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஓடுப்பா. ஆலைய மூடிடப்போறான்."

முதலில் சிரித்தது கோவிந்தன் அண்ணன். ராஜா காட்டில் இருக்க வேண்டிய நேரம் அது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு பாட்டை ஓட்டத்தில் எடுத்தேன். ஊர் முழுக்கப் பாடியது. பாடிக்கொண்டே வரும்போது, எல்லாம் போயிற்று என்று ராணி சொல்கிற அடியில், முன்வரிசைப் பெண்கள் அழுவதைப் பார்த்தேன். தாளம் ஓட, கண்ணில் நீர் ஓட, யாரும் பாட்டை விடவில்லை. செத்த மாடுகளுக்காக அந்த ஊர் ஒன்றாக உட்கார்ந்து அழுதது அப்போதுதான். மெதுவாகப் பாடியிருந்தால் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். அந்தப் பாட்டை எங்கள் ஊரில் இன்றுவரை ஓட்டத்தில்தான் பாடுகிறோம். வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

முடிந்ததும் துரை எழுந்து, இத்தனைக்கும் யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். குமாஸ்தா எங்களைப் பார்த்தார். நாங்கள் அக்காவைப் பார்த்தோம். அக்கா கூட்டத்தைக் கையால் காட்டி, "பேரச் சொன்னோமே மிசே" என்றார். அடுத்த வாரம் குமாஸ்தா வந்து முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பிறகு மாடுகள் வந்தன. உலகச் சண்டை முடிந்து சர்க்கரை விலை ஏறியபோது எங்கள் சிறு தோட்டக்காரர்களே சிலர் பெரிய மனிதர்கள் ஆனார்கள். சபைக்குத் தலைவனாக இருந்த நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீடு வீடாகக் கட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று சொல்லி, பணக்காரர்கள் நாலைந்து பேர் தாமாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு நாற்காலி போட்டேன். அக்கா நாடகத்துக்கு வந்து, எப்போதும்போல் ஓரத்தில் நின்றார். அந்த இரண்டு வருஷமும் பின்வரிசையில் பாட்டு எழும்பவில்லை. நான்தான் தனியாக ஓடினேன். விலை விழுந்தது, நாற்காலிக்காரர்கள் கண்ணில் படவில்லை. வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "இப்பத்தான் தெரிஞ்சுதா" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சிவப்புத் துணி இருக்கா, வாங்கணுமா?" என்றார். மறுநாள் காலையில் கொல்லை கொல்லையாகப் புறப்பட்டோம்.

ஒருநாள் வழியில் அவரிடம் கேட்டேன், "உங்களுக்குக் கேக்க வெட்கமே வராதா அக்கா?"

"எனக்குன்னு கேட்டா வரும்," என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அதுவும் இல்லப்பா. ஒருத்தன்கிட்ட நீ கேக்கலைன்னா, அவன்கிட்ட ஒண்ணுமில்லைன்னு நீயே முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். அதுதான் அவனுக்கு அவமானம்" என்றார். அவர் என்னிடம் நீளமாகப் பேசியது அது ஒன்றுதான்.

கடைசி இரண்டு வருஷம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. கொல்லைக்குப் போக முடியவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர்களைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துக் கேட்டார். நானோ கியூர்பிப்பில் இருந்துகொண்டு அவர் கேட்டு வைத்ததை வந்து எடுத்துக்கொண்டு போனேன். தலைவன் என்ற பெயர் எனக்கு.

இந்த வருஷம் காலம் சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைக்கு விலை இல்லை. ஆலைக்காரர்கள் எங்கள் கரும்பை எடுப்பதற்கே யோசிக்கிறார்கள். தோட்டத்துக்குப் புதிய துரை வந்திருக்கிறார். ஆடாவிட்டால் இடம் போகும் என்ற பழைய பேச்சு அவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா போய்விட்டார், துக்கம் என்று சொல்லி இந்த வருஷம் நாடகத்தை நிறுத்திவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் நினைத்தேன்.

அன்று சாயந்திரமே அடக்கம் செய்தோம். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். இடுகாட்டு வாசலில் குழாயடியில் கைகால் கழுவினோம். வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாரும் போகவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். ழொசேஃப் ஊன்றுகோலோடு நின்றான். கோவிந்தன் அண்ணனைப் பேரன் தாங்கிப் பிடித்திருந்தான். ஏன் நிற்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முப்பது வருஷமாக அந்த ஊர் எங்கே கூடினாலும், கலைகிறதற்கு முன்னால் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் சொல்லுவார். அதற்காக நின்றார்கள்.

நான் வாழ்நாளில் யாரிடமும் வாய்விட்டு ஒன்று கேட்டவன் இல்லை. என் கூலியைக் கேட்கவே என் மனைவியைத்தான் அனுப்புவேன். அது பேசுகிற இடமும் அல்ல. "டிசம்பர்ல நாடகம் இருக்கு," என்றேன். "கேக்குறேன். உங்களால என்ன முடியும்?"

சிங்காரம், "ஞாயித்துக்கிழமை பஸ் என்னோடது" என்றான். பின்னாலிருந்து ஒரு பெண், எனக்குப் பெயர்கூடத் தெரியாது, "எங்க கொல்லையில கட்டு உண்டு" என்றாள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சொன்னவர்கள் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

அக்கா, கேட்டுவிட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.